உமது குரலுக்காக வளைத்த பலகை

“என் குரல் வெளிய நின்னு கேட்டா எப்படி இருக்கும்வே?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டீர்.

நீதிமன்ற வாசலில் நின்று, வழக்குக்காரர்களின் பெயரை மும்முறை கூவி அழைக்கும் டவாலி நீர். பாளையங்கோட்டையில் எத்தனையோ பேரின் பெயர் உமது வாய்வழியே வந்து போயிருக்கிறது. நான் இயற்பியல் வாத்தியார். கேட்டால் வகுப்பு எடுக்காமல் இருப்பேனா? நம் குரல் நமக்கு மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறது, மற்றவர்களுக்குக் காற்று வழியாக மட்டும் கேட்கிறது, அதனால் இரண்டும் வேறு என்றேன். “அப்போ ஊருக்கே தெரிஞ்ச கொரலு எனக்குத்தான் தெரியாதாக்கும்” என்று சிரித்தீர். தொண்டைக் கட்டிக்காகக் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததை மறுநாள்தான் சொன்னீர்.

நேற்று எங்கள் முற்றத்தில் தச்சர்களின் வஜ்ரப் பசை காய்ச்சிய வாடை. ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றில் மூட்டு விட்டுப்போயிருந்தது. ஒட்டித்தரத் தச்சரை வரச்சொல்லியிருந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உமது நினைவு வந்துவிட்டது.

உமக்கு நினைவிருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. உமது டேப்ரிக்கார்டரில் நீர் பேசியதைப் பதிந்து போட்டுக் கேட்டோம். உமது முகம் சுருங்கிவிட்டது.

“சவம், தகர டப்பாக்குள்ள அடைச்ச கோழி மாதிரில்லா இருக்கு! இந்தக் கொரலுக்கு எந்தப் பிரதிவாதிவே வருவான்?”

“டேப்பு மேல குத்தமில்லவே. அதுக்கு வாயி சின்னது. நான் வேற வாயி செஞ்சு தாரேன்.”

புத்தக அலமாரியில் வைக்கிற அளவில் இரண்டு ஒலிபெருக்கிகள். அவற்றின் பக்கங்கள் நேராக இருக்கக் கூடாது, பின்னால் போகப் போகப் படகின் மூக்குபோல ஒடுங்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டீர். இரண்டு நேர்ச்சுவர்களுக்கு நடுவே ரப்பர் பந்தை எறிந்தால் போன வழியிலேயே திரும்பத் திரும்ப வரும், சுவர் வளைந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் சிதறும், சதுரப் பெட்டிக்குள் சத்தமும் அந்தப் பந்துதான் என்றேன். “பந்து கிடக்கட்டும். பலகைய எப்படிவே வளைப்பீரு?” என்றீர்.

நீர்தான் வழி சொன்னீர். “பத்தமடையில பாய்க்குக் கோரைய ஆத்துல ஊறப்போடலையா? பலகையும் ஊறட்டும். தன்னால வளையும்.” குறுக்குத்துறையில் ஒட்டுப்பலகையைத் தண்ணீருக்குள் போட்டு, மேலே கல்லைத் தூக்கி வைத்தோம். மறுநாள் போய் எடுத்தால், பசை விட்டு ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. “பலகை கேட்டா அப்பளம் தருதே தாமிரவருணி” என்றீர். தலையில் கைவைத்து உட்கார்ந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. பலகையாக வளையாதது ஏடாக வளையும். ஒவ்வொரு ஏடாக வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் காய்ந்தபின் நிமிராது. உமது தப்பான யோசனை இல்லாவிட்டால் அந்தப் பெட்டிகளே இல்லை.

வளைப்பதற்கு அச்சு? என் மனைவியின் கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டா. ஒட்டுவதற்கு வஜ்ரம். அதை எங்கள் வீட்டு அடுப்பிலேயே ஏற்றினோம். வாடை வந்ததும் அவள் ஓடிவந்தாள்.

“என்னத்தப் போட்டுக் காய்ச்சுதீய?”

“ஒண்ணுமில்ல மதினி, தச்சுப் பசை” என்றீர்.

“அது எதுல செய்யுதது அண்ணாச்சி?”

நீர் என்னைப் பார்த்தீர். பொய் சொல்லத் தெரியாத வாத்தியார், எலும்பும் தோலும் என்று சொல்லிவிட்டேன்.

“ஏ பாவிகளா! பூண்டு கூட நுழையாத அடுப்புல தோலக் காய்ச்சுதீயளே!” அடுப்பும் நாமும் முற்றத்துக்குப் போனோம். அண்டாவை மட்டும் அவள் திருப்பிக் கேட்கவில்லை. உமக்கு என்ன வரப்போகிறது என்று அவளுக்கும் தெரியும். அண்டாவில் ஏடுகளைச் சுற்றி, சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டி நிழலில் வைத்தோம்.

பெட்டி முடியுமுன் ஆஸ்பத்திரி நாள் வந்துவிட்டது. முந்தின நாள் மத்தியானம் டேப்ரிக்கார்டரோடு வந்தீர். ஒரு பதிகம் பாடும் என்றேன். “நான் என்ன ஓதுவாரா? எனக்குத் தெரிஞ்சது பேரு சொல்லிக் கூப்பிடுததுதான்” என்று, வேண்டிய எல்லோரையும் மும்முறை அழைத்துப் பதிந்தீர். உமது மனைவி, மகள், உமக்கு மதினியான என் மனைவி, கடைசியாக நான்.

தினமும் சாயங்காலம் எங்கள் வாசலில் நின்று நீர் என்னை அப்படித்தான் கூப்பிடுவீர். “வாத்தியார்! வாத்தியார்! வாத்தியா...ர்!” முதல் இரண்டுக்கும் நான் வாய் திறக்க மாட்டேன். மூன்றாவதற்குத்தான் உள்ளேயிருந்து “ஆஜர்!” என்பேன். அது நம் விளையாட்டு. அன்றும் மூன்றாவதற்கு ஆஜர் சொன்னேன். இரண்டாவதோடு நாடா தீர்ந்துபோனதை நாம் இருவருமே கவனிக்கவில்லை.

நீர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பியபோது பெட்டிகள் தயாராக இருந்தன. கொண்டுவந்து உமது அலமாரியில் வைத்து, நாடாவைப் போட்டேன். குரல் அறைக்குள் வந்து நின்றது. உமது மனைவி தன் பெயர் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நீர் வளைந்த பலகைமேல் உள்ளங்கையை வைத்தீர். அது உமது குரலில் அதிர்ந்துகொண்டிருந்தது. மற்றொரு கையைக் கழுத்துத் துண்டின்மேல் வைத்தீர். அங்கே ஒன்றும் இல்லை.

கடைசியில் என் முறை வந்தது. வாத்தியார். வாத்தியார். பிறகு டொக்கென்று நின்றது.

நீர் என்னைத் திரும்பிப் பார்த்தீர். மூன்றாவதைச் சொல்ல வாயைத் திறந்தீர். உதடு மட்டும் அசைந்தது. “ஆஜர்வே” என்றேன்.

அந்த ஐப்பசி மழைக்கு நீர் இல்லை. “அண்ணாச்சி, இது உங்ககிட்டேயே இருக்கட்டும். எனக்குக் கேக்க முடியல” என்று உமது மனைவி பெட்டிகளையும் நாடாவையும் கொடுத்தனுப்பினார்.

நேற்று தச்சர் வந்ததும், என் மனைவி தானாகவே அடுப்பை முற்றத்தில் எடுத்து வைத்தாள். மூட்டு காய்ந்த பிறகு இன்று சாயங்காலம் உமது நாடாவைப் போட்டோம். அவள் பெயர் வந்தது. “என்ன அண்ணாச்சி” என்று மெல்லக் கேட்டுக்கொண்டாள். பிறகு நான். இத்தனை வருடமாக, நாடா நின்ற பிறகும் மூன்றாவதற்குக் காத்திருப்பது எனக்குப் பழக்கம். இன்று காத்திருக்கவில்லை. முதல் தடவையே ஆஜர் சொல்லிவிட்டேன். நீர் அதைக் கேளாமல் இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டு நின்றுபோனீர்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இன்று யாராவது வாசலில் நின்று உங்களைக் கூப்பிட்டால், முதல் கூப்பாட்டுக்கே என்ன என்று கேட்டுப் பாருங்கள்.