எந்தக் காயிலை வாங்குவது

டேரலுக்கு,

மண்ணுக்கடியில் தங்கம் தேட எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம், அதன் அடியில் எந்த அளவு வட்டத்தட்டை, அதாவது காயிலை, மாட்டலாம் என்று கேட்டிருக்கிறாய். பிரிந்து வந்தவளிடம் கேட்க உனக்கு வேறெதுவும் இல்லை.

லியோனோரா தங்க வயலில் நான் சின்னக் காயிலை மாட்டியபோது, "இந்தச் சாசர வச்சுக்கிட்டுக் குருவிக்குத் தீனியா பொறுக்கப் போற?" என்று சிரித்தாய். பெரிய காயில்தான் ஆழத்தில் கிடப்பதைக் காட்டும் என்றாய். நாம் தேடிய, துருப்பிடித்த ஆணிகள் நிறைந்த ஓடையில் உன்னுடையது ஓயாமல் அலறியது. என்னுடையதோ ஆணிகளுக்கு நடுவே தங்கக்கட்டியைக் காட்டிக் கொடுத்தது. அன்று மாலை பாரில் அதைத் தூக்கிக் காட்டி, "நான் கண்டுபிடிச்சேன், இவ மண்ணு அள்ளிப் போட்டா" என்றாய். எல்லோரும் உன் தோளைத் தட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஆணி கிடக்கும் இடமென்றால் சின்னதையே வாங்கு. ஆனால் அந்த ஓடைப் பக்கம் வராதே. அங்கே தோண்டும் உரிமம் இப்போது என் பெயரில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் மகளின் அம்மா