சிவப்புப் பேனா அடித்த நாலு வரி

ஆடி 20, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. துணி காயப்போட்டால் புழுதியோடுதான் எடுக்க வேண்டும். ஆடித்தபசுத் திருவிழா முடிந்து ஊர் இப்போதுதான் அடங்கியிருக்கிறது.

வேலைகள்: குடம் அடிக்கிற மட்டைக்குப் புதுத் துணி. போலீஸ் ஸ்டேஷனுக்குப் பாட்டின் நகல், நல்ல எழுத்தில். நாளைக்கு அங்கன்வாடியில் அரை நாள் லீவு.

பதினொரு வருஷமாக வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறேன். முத்துலட்சுமி அக்கா வில்லை அடித்து ஒரு வரி பாடுவாள். நானும் உடுக்கை அடிக்கிற கருப்பசாமி அண்ணாச்சியும் "ஆமா" போடுவோம். என் வாய்க்கு அவ்வளவுதான் வேலை. இந்தத் தடவை பாட்டே என்னுடையது. காணாமல் போன குளத்தைப் பற்றி. வெள்ளிக்கிழமை அந்தக் குளத்து ஊர்க் கோயில் கொடையிலேயே பாடப்போகிறோம். நினைத்தால் பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும்.

ஆடி 21, செவ்வாய்

முத்துலட்சுமி அக்காவோடு ஸ்டேஷன். பாட்டுத் தாளைக் காட்டினால்தான் மைக் அனுமதி. எஸ்.ஐ. இரண்டு தடவை படித்தார். சிவப்புப் பேனாவால் நாலு வரியை அடித்தார்.

மேக்க கெடந்த கொளத்த மேடாக்கி வித்தாக
கேக்கப் போன ஆள கேசுல சேத்தாக
மண்ணடிச்ச லாரிக்கு வழிவிட்டு நின்னாக
தண்ணி கேட்ட சனத்துக்குத் தடை எழுதித் தந்தாக

"இது நாலும் வேண்டாம். பாடுனா கேஸ்தான். யாரு எழுதுனது?"

மு. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஊர்ல பாடுததுதான் சார். யாருன்னு கண்டது?"

எனக்காகச் சொன்ன பொய். என் அங்கன்வாடி வேலை இன்னும் தற்காலிகம்தான், ஒரு புகார் போதும். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்தும் வெட்கமாக இருந்தது.

ஆடி 22, புதன்

ஒத்திகை. அண்ணாச்சி புளியங்குடியிலிருந்து ஒரு பை எலுமிச்சை. ஜூஸ் குடித்தால் தொண்டை கட்டும் என்று மு. அக்கா சத்தம்.

"அந்த எடத்த விட்டுட்டு அடுத்த அடிக்குப் போயிருவோமாக்கா?" என்றேன்.

"ஏட்டி, பாடக்கூடாதுன்னுதான சொன்னாக. வில்ல அடிக்கக்கூடாதுன்னா சொன்னாக?"

அண்ணாச்சி சிரித்ததில் டீ வேட்டியெல்லாம்.

ஆடி 24, வெள்ளி

கொடை. சாயங்காலம் ஐந்துக்கு ஆரம்பம். நல்ல கூட்டம். முன் நாற்காலியில் ஒரு ஏட்டு, கையில் எங்கள் தாள்.

"மழைத்தண்ணி ரோட்டுல நிக்கி, கொளம் எங்கன போச்சு?" என்று பாடி முடித்தாள் மு. அக்கா. அடுத்தது அந்த நாலு வரி. வாயை மூடிக்கொண்டாள். வில் மட்டும் பேசியது, மணிகளோடு, சரியாக ஒரு வரி நீளத்துக்கு. நின்றது.

அந்த இடத்தில் நான் என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. வரி முடிந்தால் என் வாய் தானாகத் திறக்கும். "ஆமா!" என்று போட்டுவிட்டேன்.

கூட்டத்தில் சிரிப்பு. இரண்டாவது வரிக்கும் வில் மட்டும். "ஆமா!" பெண்கள் பக்கமிருந்தும் வந்தது. நாலாவதுக்கு ஊரே போட்டது. ஏட்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஆமாவே கிடையாது.

இறங்கும்போது காதில் விழுந்தது: "ஒண்ணும் பாடாமலே அம்புட்டையும் பாடிட்டாளுவளே!"

பெருமை. வேறு வார்த்தை தெரியவில்லை. மட்டைத் துணி கிழிந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

ஆடி 25, சனி

காற்று குறைவு. எஸ்.ஐ. கூப்பிட்டு விட்டிருந்தார். அடுத்த அனுமதிக்கு ஆமாவையும் எழுதித் தர வேண்டுமாம். எழுதினவர் கையெழுத்தோடு.

"கொண்டா, நான் போடுதேன்" என்று மு. அக்கா கை நீட்டினாள். நான் பேனாவைக் கொடுக்கவில்லை.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் எழுதினேன், அந்த நாலு வரியையும் சேர்த்து. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஆமா. அடியில்: எழுதியவர் ப. இசக்கியம்மாள், அங்கன்வாடி உதவியாளர். எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

எஸ்.ஐ. தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா எழுதுனது?"

"ஆமா" என்றேன்.