உன் டோலக் இல்லாமல் ஒரு பாட்டு

என் பாட்டுக்கெல்லாம் தாளமாக இருந்த மரியதாஸ் மச்சானுக்கு,

நீ காசிமேடு கல்லறைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. நான் மறுபடி பாட ஆரம்பித்துவிட்டேன். இந்த முறை கேசட்டும் இல்லை, சிடியும் இல்லை. செல்போனில்.

நம் வியாபாரம் நீ இருக்கும்போதே படுத்துவிட்டது. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை டீக்கடைக்கு டீக்கடை நம் கானா கேசட் ஓடிய காலம் போய், செல்போன் கடைகளில் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு அதற்கும் அவசியமில்லாமல், எல்லாப் பாட்டும் இன்டர்நெட்டில் சும்மாவே கிடைத்தது. நம் கேசட் போட்ட முதலாளி அதே கடையில் இப்போது தண்ணீர் கேன் விற்கிறார்.

"நம்ம பாட்ட திருடிட்டானுங்க மாமு" என்று நான் புலம்பும்போது, "கேட்டுகினு கீறாங்கல்ல, வுடு" என்பாய். உனக்கு ஹார்பர் சம்பளம் இருந்தது. எனக்குப் பாட்டைத் தவிர வேறு என்ன இருந்தது, சொல்?

நீ போன பிறகு நான் வாயே திறக்கவில்லை. சாவு வீட்டுக்குப் பாடக் கூப்பிட்டாலும் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் உன் மகள் ஜென்சி நேரே என் வீட்டுக்கு வந்தாள். போனைக் கையில் கொடுத்தாள்.

"மாமா, உன் பாட்ட எத்தினி பேரு போட்டு வச்சிருக்காங்க பாரு."

பார்த்தேன். யார் யாரோ ஏற்றியிருந்தார்கள். சிலதில் என் பெயர், சிலதில் நான் கேள்விப்படாத எவனோ ஒருவன் பெயர். உன் பெயர் ஒன்றில்கூட இல்லை. ஒரு பாட்டுக்குக் கீழே, கப்பலில் வேலை செய்யும் ஒருவர் எழுதியிருந்தார்: எஞ்சின் ரூம் சத்தத்திலும் இந்த டோலக் கேட்கிறது, அடிப்பவர் யார்? அவருக்கு யாரும் பதில் எழுதவில்லை.

"நாமளே போடலாம் மாமா. உன் பேரு, அப்பா பேரு ரெண்டும் போட்டு" என்றாள். அதற்குமேல் நான் எப்படி மறுப்பேன்?

முதலில் பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றினோம். அப்புறம் புதுப்பாட்டு ஒன்று வேண்டும் என்றாள். போனை ஸ்டாண்டில் வைத்து என் முன்னால் நிறுத்தினாள். எனக்குக் குரலே வரவில்லை, மச்சான். ஆயிரம் பேர் முன்னால் பாடியவன், அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்த்து வேர்த்துப்போனேன். ஜென்சி வெளியே போய்த் தெருவில் மீன் விற்றுவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேரைக் கூட்டிவந்து போனுக்குப் பின்னால் உட்கார வைத்தாள். "பாடுண்ணே, இன்னாத்துக்கு வெக்கம்?" என்றாள் ஒருத்தி. குரல் வந்துவிட்டது.

தாளம்தான் பிரச்சினை. ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர், பழைய கேசட்டிலிருந்து உன் அடியை மட்டும் கம்ப்யூட்டரில் பிரித்தெடுத்துப் புதுப்பாட்டில் சேர்த்துத் தருகிறேன் என்றார். நீ மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பாய் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஓடிப்போய் உன் வீட்டுக்காரி பிலோமினாவிடம் சொன்னேன்.

அவள் முறத்தில் இருந்த கருவாட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"பகல்ல ஹார்பர்ல மூட்ட தூக்கினாரு. ராவுல உன்கூட டோலக் அடிச்சாரு. இப்பதாண்ணே தூங்கிகினு கீறாரு. எயுப்பி வேலைக்கு அனுப்பாத."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அவள் சொன்னது சரியா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்ன பிறகு என்னால் அது முடியாது. அந்தப் பாட்டை டோலக் இல்லாமலே, பெஞ்சில் தட்டிக்கொண்டு பாடினேன். அந்தப் பெண்கள் தாளத்துக்குக் கை தட்டினார்கள். அதையே ஏற்றினோம்.

யாரும் பாட்டைக் காசு கொடுத்து வாங்கவில்லை. கேட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுகிறார்கள். திருவொற்றியூரில் ஒரு கல்யாணம், சடையங்குப்பத்தில் ஒரு கோயில் திருவிழா. இத்தனை வருஷம் நாம் விற்றது பாட்டா, வெறும் பிளாஸ்டிக் பெட்டியா? நீ இருந்திருந்தால் இதற்கும் சிரித்திருப்பாய்.

அடுத்த வாரக் கச்சேரிக்குப் புது டோலக்குக்காரர் வருகிறார். புளியந்தோப்பு ஏகாம்பரம், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நம் வயசுதான். ஒத்திகை பார்த்தோம். உன்னைவிட வேகம். பல்லவி முடியுமுன் முந்திக்கொள்கிறார். எரிச்சல் வந்தது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மரியதாஸ் இப்படி அடிப்பான், அப்படி அடிப்பான் என்று அவரிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அவர் அடிக்கு நான் பாடப் பழகிக்கொள்கிறேன்.

உன் பிலோமினாவுக்கு அண்ணன், உன் ஜென்சிக்குத் தாய்மாமன்,
சேகர்