ஒரு மணி வெடி

12 ஜூன் 1995, திங்கள்
மதியம் ஒரு மணிக்குக் குவாரியில் விசில் ஊதினார்கள். வழக்கம்போல் ஓடிப்போய்ச் சோற்றுப்பானையை மூடினேன். அவர்கள் மலையில் வெடி வைத்தால் பல்லாவரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தூசு இறங்கும். மறந்தால் அன்றைக்குச் சோறு நறநறவென்று கடிபடும். இவருக்கு அது பழகிவிட்டது, கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே டிரில் பிடிக்கிறவர். எனக்குத்தான் அந்த மலையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

3 ஜூலை
குவாரியை மூடப்போகிறார்களாம். சங்கத்துச் சிட்டிபாபு வந்து இவரிடம் சொன்னார். "கல்லு காலம் முட்ஞ்சிது தனசிங். நாடே மாறிகினு கீது. சிங்கப்பெருமாள் கோவிலாண்ட கம்பெனி வருது, நம்ம ஆளுங்களத்தான் மொதல்ல எடுப்பாங்களாம்."
தெருவே அழுகிறது, நான் அடுப்படியில் நின்று ஸ்தோத்திரம் சொல்கிறேன். இனிமேலாவது அந்தத் தூசியை விட்டு வெளியே வருவாரே. இதில் என்ன தப்பு?

19 ஆகஸ்ட்
இன்றைக்கு விசில் இல்லை.

1 செப்டம்பர், வெள்ளி
சந்தையில் இவருக்கு வெள்ளைச் சட்டை எடுத்தோம், கம்பெனிக்குப் போட. கண்ணாடி முன் நின்று, "ஆபீசர் மாரி கீறனா?" என்றார். இவர் இப்படிக் கேட்டு எவ்வளவு நாளாகிறது.

14 செப்டம்பர்
கம்பெனியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டிரில் பிடித்தவர்களில் ஒருத்தரையும் சேர்க்கவில்லை. நெஞ்செல்லாம் கல்தூசியாம். டாக்டர் தன்மையாகத்தான் சொன்னாராம். கல்லை வுட்டு வா, வந்துடுன்னு எத்தனை வருஷம் கத்தினேன். இப்ப வந்துட்டார் — அது இவரை வுடலியே, கர்த்தாவே. நான் யார்கிட்ட போய்க் கத்துவேன்?

15 செப்டம்பர்
சட்டையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்.

8 ஜனவரி 1996
அதே கம்பெனியில் என்னை எடுத்துக்கொண்டார்கள். பாக்கிங் வேலை. எட்டாவது படித்தது உதவியது. என் எக்ஸ்ரே சுத்தமாம். அதைச் சொன்னபோது, "நல்லதாப் போச்சு ரத்னா," என்று சிரித்தார். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவதும் இவர்தான்.

25 பிப்ரவரி, ஞாயிறு
ஆராதனை முடிந்து வந்து நான் சமைத்தேன். தெருவில் இப்போது தூசே இல்லை, கொடியில் துணி வெள்ளையாகவே காய்கிறது. சாப்பிட உட்கார்ந்தோம். இவர் சட்டென்று எட்டிப் பானையை மூடினார்.
"வெடிதான் நின்னு போச்சே, இன்னும் எதுக்கு மூடுறீங்க?" என்று சிரித்தேன்.
பொறு என்று கை காட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி இருமினார். வெகுநேரம் இருமினார்.
"சோத்துல பட்டுடப் போவுதுன்னுதான்," என்றார்.