அவள் திருப்பாத பக்கம்

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூர்.
18 மார்ச் 2003

அன்புள்ள சரளாவுக்கு,

இங்கு இருவரும் நலம். லெஸ்டரில் குளிர் தணிந்திருக்கும் என்றும், மருத்துவமனை இரவுப் பணியால் உன் முதுகுவலி கூடவில்லை என்றும் நம்புகிறேன். ஞாயிறன்று தொலைபேசியில் நம் பெண்ணின் பள்ளி பற்றி நீ கேட்டதற்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. ரக்ஷிதா அருகில் இருந்தாள். அதனாலேயே இக்கடிதம்.

அவள் ஒன்பதாம் வகுப்பை எங்கே தொடங்குவது என்பதை ஏப்ரலுக்குள் முடிவு செய்தாக வேண்டும். இப்போதைய பள்ளியிலேயே தொடர்ந்தால் எஸ்.எஸ்.எல்.சி., பிறகு இங்கேயே பி.யூ.சி., கல்லூரி. வைட்ஃபீல்டுப் பக்கத்து சர்வதேசப் பள்ளியில் சேர்ந்தால், இரண்டாண்டில் கேம்பிரிட்ஜ் தேர்வை எழுதிவிட்டு உன்னிடம் வந்து மேலே படிக்கலாம். பணி ஓய்வு வரை நான் இங்கே என்பது நாம் முன்பே பேசி முடித்தது, அதில் மாற்றமில்லை. இரு பாடத்திட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கே அறிவியலைச் செய்து பார்க்க வைக்கிறார்கள், மனப்பாடம் குறைவு. நம் பெண்ணுக்கு அதுவே பொருந்தும் என்பது என் மதிப்பீடு.

ஆனால் நுழைவுத் தேர்வில் அவள் தேறவில்லை.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை என்னை வரவழைத்து விடைத்தாளைக் காட்டினார். முன்பக்கங்களில் ஒரு பிழையும் இல்லை. வினாத்தாளில் பாதி மதிப்பெண்ணுக்கான கடைசிப் பக்கத்தை அவள் திருப்பவே இல்லை. நேரம் போதவில்லையா என்று கேட்டேன். அரை மணி முன்னதாகவே பேனாவை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றார். வினாத்தாளைக் கேட்டு வாங்கி வந்தேன்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் அந்தக் கணக்குகளை நானே போட்டுப் பார்த்தேன். காபி கொண்டுவந்தவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அப்பா, மூணாவது வரில மைனஸ விட்டுட்டீங்க. ஆன்சர் அஞ்சு வரணும்" என்றாள். சொன்ன பிறகே அது எந்தத் தாள் என்று கவனித்தாள். தொழிற்சாலையில் மயிரிழைப் பிசகு உள்ள உருப்படியையும் தள்ளி வைப்பவன் நான். அந்த மைனஸ் என் கண்ணில் படவில்லை.

மறுநாள் காரணம் கேட்டேன். அந்தப் பள்ளியில் கன்னடம் இல்லையாம். கன்னடத்தை விட மனமில்லையாம். கூட்டெழுத்துக்கு அழுத பிள்ளை சொல்கிறாள்! வாடகை ரசீது கொடுக்க வந்திருந்த கீழ்வீட்டு டென்சில், "ஐயோ பாப்பா, கன்னட மிஸ்ஸுக்குக் காய்ச்சல் வரணும்னு சிவாஜிநகர் மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தச் சொன்னது நீதானே?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "நான் போயிட்டா இவர்கிட்ட யாரு பேசுவா அங்கிள்? ரேடியோவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வானொலியைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. அவள் டியூஷனுக்குப் போகும் மாலைகளில் அதைச் சமையலறையில் ஒலிக்கவிட்டு, நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பது வழக்கம். வீட்டில் ஆள் நடமாட்டம் இருப்பதாகத் திருடர்கள் நினைக்க வேண்டும் என்பதற்காக. அவளிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை மறுதேர்வுக்கு அனுமதி பெற்றிருக்கிறேன். நான் வற்புறுத்தினால் மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திருப்ப மாட்டாள். ஆகவே ஒரு வேண்டுகோள். இக்கடிதம் கிடைத்ததும் அவளைக் கூப்பிட்டு, வேலூரிலிருந்து ருக்கு அக்கா நிரந்தரமாக என்னோடு தங்க வருவதாகச் சொல். இங்குள்ள உன் அறையை நான் அக்காவுக்கு ஒழித்துக் கொடுக்கப் போவதாகவும் சொல்லலாம். நான் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். உன் குரலை நம்புவாள்.

அக்கா வருவதாக இல்லை. நான் கேட்கவும் இல்லை. உண்மைக்கு மாறான ஒன்றைச் சொல்லும்படி உன்னை நான் கேட்பது இதுவே முதல்முறை, மறுக்காதே.

அவள் அங்கு வந்து சேர்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி வழக்கத்தை நிறுத்திவிட வேண்டாம். நீங்கள் இருவரும் மாறி மாறிப் பேசுங்கள். மணி அடிப்பது கேட்க வேண்டும் என்பதால், அன்றைக்கு மட்டும் வானொலியை அணைத்து வைத்திருப்பேன்.

தாயும் மகளும் ஒரே வீட்டில் நலமாக இருக்க வேண்டும்.

உன்,
சுந்தரமூர்த்தி