பால் பொங்குது, கதவைச் சாத்து

மே 6, செவ்வாய்

திருவாதவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை. முப்பத்திரண்டு பேர் வரிசையாகப் படுத்திருக்கிறோம். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பிடிபட்டால் நோட்டைப் பிடுங்கிவிடுவார்கள். அது பரவாயில்லை. படித்துவிட்டால்?

இன்று ஒரு பொய் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

இந்தக் கோடைக் கும்மி முகாமில் ஒரு வழக்கம். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுப் பாட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதைத்தான் எல்லாரும் கற்றுக் கும்மியடிப்போம். நடவுப் பாட்டு, தாலாட்டு என்று வந்துகொண்டே இருந்தது. பக்கத்துப் பாய் ஷிபா, மருதாணி வைக்கும் அன்று அவள் குப்பி (அத்தாவின் தங்கச்சி) பாடும் பாட்டைப் பாடினாள். கேட்டதுமே கை தட்ட ஆரம்பித்துவிட்டேன். அடுத்தது என் முறை. எங்கள் வீட்டில் பாட்டு என்றால் டிவிதான்.

கும்மி சொல்லித் தரும் மாயக்காள் அக்கா, "நீ சௌராஷ்டிராப் புள்ளதான? உங்க பாஷையில தறிப்பாட்டு இருக்குமே?" என்று கேட்டாங்க.

தறியை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அப்பா வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. ஆனால் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டேன்.

பாடு என்றதும் எங்கள் பாஷையில் நினைவுக்கு வந்தது, அம்மா தினமும் கத்துவதுதான். பால் பொங்குது, அடுப்பை அணை. எங்கே போய்த் தொலைஞ்சே? கதவைச் சாத்து, பூனை வருது. ராகம் மட்டும் நான் போட்டது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாங்க.

மே 7

அர்த்தம் கேட்டார்கள். "ஆயிரம் இழையில் ஓர் இழை அறுந்தால் யார் வந்து முடிவார்" என்றேன். எங்கிருந்து வந்ததோ! எனக்கே பிடித்துப்போனது.

மே 9, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

பதினைந்தாம் தேதி நிறைவு விழா. கடைசிக் கும்மிக்கு ஷிபாவின் பாட்டைத்தான் வைத்திருந்தார்கள். இன்று அதை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்துவிட்டாங்க அக்கா. ஷிபா என்னிடம், "விடுடி. உன்னோடது எம்புட்டுப் பழசு! என்னோடதை எங்க குப்பி இன்னைக்கும் பாடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள். கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம் அவள்.

பாட்டுப் புத்தகம் வேறு அச்சுக்குப் போகிறதாம். 'நூறு ஆண்டு பழமையான தறிப்பாட்டு' என்று போடப்போகிறார்கள். நூறு என்று நான் சொல்லவே இல்லையே!

விழாவுக்கு அம்மா வருவாங்க. முப்பது பிள்ளைகள் வட்டமாக நின்று, எங்க போய்த் தொலைஞ்சேன்னு கும்மியடிக்க, அம்மா முன்வரிசையில — ஐயோ.

ராகம் நல்லாத்தான் இருக்கு. அதை யாரும் மறுக்க முடியாது.

மே 11, ஞாயிறு

வீட்டோடு பேசும் நாள். ஆபீஸ் ரூமில் ஒரே ஒரு போன், ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். எனக்குப் பின்னால் ஷிபா நின்றாள். அம்மா சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அங்கே தம்பி சித்தார்த் ஏதோ செய்திருக்கிறான். அம்மா எங்கள் பாஷையில் கத்த ஆரம்பித்தாங்க. பால், அடுப்பு, கதவு, பூனை. ஒரு சொல் மாறாமல், அதே வரிசையில்!

"ஏ பிருந்தா, உங்கம்மா போன்ல நம்ம பாட்டப் பாடுறாங்கடி!" என்றாள் ஷிபா.

சட்டென்று போனை வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது.

"அடிப்பாவி. தறிப்பாட்டே இல்லையா?"

"யார்ட்டயும் சொல்லிராத."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீ சொல்லு. புஸ்தகம் வந்துருச்சுன்னா அம்புட்டுத்தான். நாளைக்கு எவளாவது இதைப் படிச்சுப் பரீட்சையே எழுதுவா."

மே 12

சொல்லலாம் என்று போனேன். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாங்க. திரும்பி வந்துவிட்டேன். சாப்பிட்டு முடிக்க எவ்வளவு நேரமாகும்? நின்றிருக்கலாம்.

மே 13, செவ்வாய்

சொல்லிட்டேன்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அந்த இழை அறுந்ததுன்னு சொன்னியே?"

"அதுவும் பொய்தான்க்கா."

"சோழவந்தான்ல எங்கம்மாட்ட போன்ல பாடிக் காட்டுனேன் பிருந்தா. அதுவும் அழுதுச்சு."

அப்புறம் புத்தகத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி அச்சகத்துக்குப் போன் செய்தாங்க. "எல்லார்ட்டயும் நீயே போய்ச் சொல்லு. மொதல்ல ஷிபாட்ட. அவ பாட்டத்தான எடுத்தோம்."

மத்தியானம், எல்லாரும் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்றேன். உண்மையான அர்த்தத்தைச் சொன்னதும் சாம்பார் வாளியைப் பிடித்திருந்தவள்கூட அதைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஷிபாவிடம் போய், "கடைசிக் கும்மி இனி உன்னோடது" என்றேன்.

"அது மொதல்லயே என்னோடதுதான்டி, லூசு" என்றாள்.

மே 14

இன்றும் அக்கா என்னிடம் பேசவில்லை. நான் கும்மியைத் தப்பாகத் தட்டியும் திருத்தவில்லை. அதுதான் தாங்கல.

மே 15, வியாழன்

வீட்டில் இருந்து எழுதுகிறேன். சித்தார்த் தூங்கிவிட்டான்.

ஷிபாவின் பாட்டோடு விழா முடிந்தது. நானும் வட்டத்தில் இருந்தேன், ஒரு தட்டும் தப்பவில்லை. அவள் குப்பி எழுந்து நின்று கைதட்டியதைப் பார்க்க வேண்டுமே!

மாட்டுத்தாவணிக்குத் திரும்பும் வேனில் நான் அம்மா பக்கத்தில். முன்சீட்டில் மாயக்காள் அக்கா. ஒத்தக்கடை தாண்டியதும் பின்னால் இருந்த சின்னப் பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள். பால் பொங்குது, அடுப்பை அணை. கும்மித் தாளத்தோடு. ஷிபாதான் எடுத்துக் கொடுத்தாள். வேறு யார்?

அம்மா திரும்பினாங்க. முழுசாகக் கேட்டாங்க. முகம் சிவந்துபோச்சு. செத்தேன்னு நினைச்சேன். பஸ்ஸில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று எங்கள் பாஷையில் என்னோடு பேசும்போதுகூடக் குரலை இறக்கிக்கொள்கிற அம்மா.

ஒரு குட்டிப்பெண் பூனை என்கிற சொல்லை ஒவ்வொரு தடவையும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாங்க. "அப்படியில்ல கண்ணு, இங்க பாரு" என்று சத்தமாக, வேன் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக் காட்டினாங்க. மறுபடி சொல்லு. மறுபடி. வேனே சேர்ந்து சொன்னது.

பூனைக்கு அப்புறம் நான் அடி எதுவும் கட்டவில்லை, பாட்டு அங்கேயே நின்றுவிட்டது.

முன்சீட்டில் இருந்து அக்கா, திரும்பாமலே, "ஏ பிருந்தா, என்ன கல்லு மாதிரி உக்காந்திருக்க? அடுத்த அடியப் போடு. பொய்யி மட்டும்தான் சடக்குன்னு வருமோ?" என்றாங்க.

போட்டேன்.