டொலர் இன்னும் ஏறும்

2022 மார்ச் 9, புதன். பூநகரி

திருச்சியிலிருந்து பிரியந்தினி போன் எடுத்தாள். அக்காவின் மகள். அக்கா தொண்ணூறில் சண்டைக்குத் தப்பி வள்ளம் ஏறினா. முப்பத்திரண்டு வருடமாக அங்கே முகாம்தான் வீடு. சீனி வருத்தம், காலில் புண் ஆறவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய் அடைப்பை எடுத்தால் கால் தப்புமாம். இந்தியக் காசு ஒன்றரை லட்சம்.

கனடாவில் இருக்கும் அண்ணை உடனே ஓம் என்றுவிட்டார். இரண்டாயிரத்து ஐந்நூறு டொலர். வழக்கம்போல என் கைக்குத்தான் வரும். அக்காவுக்கு வங்கிக் கணக்கு இல்லாத காலத்து ஏற்பாடு: அண்ணை எனக்கு, நான் காசு மாற்றி அனுப்பும் கிளிநொச்சி உண்டியல்காரருக்கு, அவர் அக்காவுக்கு.

மார்ச் 15

டொலர் ஒரே பாய்ச்சல். போன கிழமை எங்கள் ரூபாயில் நாலு லட்சமாக இருந்த காசு இன்றைக்கு ஐந்துக்கு மேல். அனுப்பட்டோ என்று அண்ணை கேட்டார். நான்தான் சொன்னேன்: "பொறுங்கோ அண்ணை, இன்னும் ஏறும்." கெட்டிக்காரி என்றார். வெளிநாட்டுக் காசு வரும் வீடெல்லாம் இப்போது இப்படித்தான் பொறுத்திருக்கிறது. எனக்கென்ன, நான் மட்டும் மடைச்சியோ?

மார்ச் 29

ஏறுகிறது.

ஏப்ரல் 12

ஆறு லட்சம் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நாலு லட்சம் போக மிஞ்சுகிற காசோடு நெல்லு விற்றதையும் சேர்த்தால் நானும் ஒருக்கால் போய் அக்காவைப் பார்த்து வரலாம். பாஸ்போர்ட் எடுத்து இரண்டு வருடமாக அலுமாரிக்குள் சும்மா கிடக்கிறது.

காசு எப்போது வரும் என்று பிரியந்தினி கேட்டாள். சித்திரை பிறக்கட்டும் என்றேன். சித்தியை அந்தரப்படுத்தாதை என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

ஏப்ரல் 27

அண்ணையை அனுப்பச் சொல்லுமுன் உண்டியல்காரரிடம் விசாரித்தேன். இந்திய ரூபாய் ஒன்று எங்கள் காசில் நாலே காலாம். மார்ச்சில் மூன்றுகூட இல்லையே? பிரியந்தினியிடம் கேட்டேன். பிள்ளை அந்த ஊர்த் தமிழில் பொறுமையாகத்தான் சொன்னாள்:

"சித்தி, எதுவும் ஏறல. உங்க ரூபாதான் விழுந்துச்சு. அந்த டாலருக்கு இங்க மார்ச்லயும் ஒன்றரை லட்சம்தான், இப்பவும் அதேதான்."

ஏழு கிழமை. ஏழு கிழமையாய் நான் என்னத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனான்? அக்காவின்ர காசு ஒரு சதம் கூடேல்லை. என்ர நெல்லுக் காசு பாதியாப் போச்சுது. ஆஸ்பத்திரிக் காசு ஆஸ்பத்திரி இருக்கிற ஊரிலதான் கணக்கு எண்டு எனக்கு ஏன் விளங்கேல்லை?

ஏப்ரல் 28

அண்ணை நேரே பிரியந்தினியின் கணக்குக்குப் போட்டுவிட்டார். பத்து நிமிட வேலையாம்.

மே 6

பிந்திப்போச்சு என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை.

இன்று உலை வைக்கவில்லை.

மே 15

அக்காவுக்குச் சொல்ல வேண்டாம், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதானே என்றார் அண்ணை. என்னால் முடியவில்லை. அக்கா வீடு வந்துவிட்டா என்று கேள்விப்பட்டதும் போன் எடுத்து, பொறுக்கச் சொன்னது நான்தான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா "அப்ப காசு பங்குனியிலேயே இருந்ததோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். போனை மகளிடம் கொடுத்துவிட்டா.

மே 19

எடுத்தேன். அம்மா தூங்குறாங்க என்றாள் பிள்ளை.

மே 23

இன்றைக்கும் தூக்கம்தான். பகல் பதினொரு மணி.

மே 30

பிரியந்தினி தானாக எடுத்தாள். அம்மா ஒன்று கேட்கச் சொன்னாவாம்: சித்தி வரும்போது ஊர்ப் பனங்கிழங்குப் புழுக்கொடியல் கொண்டு வர ஏலுமோ என்று. வரும்போது என்றுதான் சொன்னாவோ என்று இரண்டு தரம் கேட்டேன். ஆமா சித்தி, அப்படித்தான் என்றாள். குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

பிளேன் டிக்கெட் மூன்று மடங்காகிவிட்டது. காப்பு இரண்டையும் கழற்றி வைத்திருக்கிறேன். பொறுத்து வில்லுங்கோ, பவுன் இன்னும் ஏறும் என்று கிளிநொச்சி நகைக்கடைக்காரர் சொல்லுவார்.

ஏறட்டும். நாளை விடிய முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போகிறேன்.